கரியமில வாயுவைப் பிடிக்கும் திரவங்கள்: அளக்கவேண்டியது எது?

பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் மாணவன் ஒருவன் கண்ணாடிக் குழாய் வழியே சுண்ணாம்புத் தெளிநீருக்குள் ஊதுகிறான். சிறிது நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கிறது. மூச்சில் கரியமில வாயு உண்டு என்பதற்குச் சான்றாக ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவரும் சோதனை இது. இதே சோதனைக்கு மற்றொரு பொருளும் உண்டு: வாயு ஒன்றைத் திரவம் ஒன்று பிடித்துவைத்துக்கொண்டது. அனல் மின் நிலையங்களின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைத் திரவத்தால் உறிஞ்சிப் பிடிக்கும் முறையைப் பற்றி இக்காலத்தில் பெரிதும் பேசப்படுகிறது. அம்முறையின் முற்பாதி அந்தச் சோதனைக் குழாயிலேயே முடிந்துவிடுகிறது.

கடினமானது பிற்பாதியே. குழாயின் அடியில் படியும் வெண்பொடியிலிருந்து வாயுவை மீட்டெடுக்க வேண்டுமானால், சுண்ணாம்புக் காளவாயில் செய்வதுபோல் அதனை 900 டிகிரி சென்டிகிரேட் அளவுக்குச் சுட்டாகவேண்டும். நிலக்கரியை எரித்து அவ்வாறு சுட்டால், பிடித்த வாயுவில் கணிசமான பங்குக்கு ஈடான வாயு அந்த அடுப்பிலிருந்தே புதிதாகப் பிறந்துவிடும். ஆதலின் தொழிலுக்கு உதவும் திரவம் வேறொரு குணம் படைத்ததாக இருக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் வாயுவைப் பற்ற வேண்டும். ஓரளவு சூடேற்றியதும் விட்டுவிட வேண்டும். ஆறியபின் மறுபடியும் பற்றுவதற்கு ஆயத்தமாக நிற்கவேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை பற்றியும் விட்டும் அது கெடாதிருக்க வேண்டும்.

இக்குணம் பெரும்பாலும் வாய்ந்தவை அமீன்கள் எனப்படும் கூட்டுப்பொருள்கள். அம்மோனியாவின் உறவினர் என்று இவற்றைச் சொல்லலாம். கெட்ட மீனின் நாற்றத்துக்குக் காரணமானவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் என்பவர், எதனாலமீன் வகைக் கரைசல்களைக் கொண்டு வாயுக் கலவையிலிருந்து கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வகுத்த அமைப்பு இன்றளவும் பெரிதும் மாறவில்லை. உயரமான கோபுரம் ஒன்றில் மேலிருந்து கரைசல் வழிகிறது. கீழிருந்து புகை ஏறுகிறது. 40 முதல் 60 டிகிரி வெப்பத்தில் அமீன் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. வாயு நிறைந்த கரைசல் இரண்டாவது கோபுரத்துக்குச் செல்கிறது. அங்கே நீராவியால் 100 முதல் 120 டிகிரி வரை சூடேறியதும் வாயு தூய நிலையில் பிரிந்து மேலே போகிறது. வெறுமையான கரைசல் ஆறி முதற்கோபுரத்துக்குத் திரும்புகிறது. மோனோ எதனாலமீன் 30 பங்கும் நீர் 70 பங்கும் சேர்ந்த கரைசலே ஆராய்ச்சி உலகில் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. புதிய திரவம் எதுவாயினும் அதனோடுதான் ஒப்பிடப்படுகிறது.

பிடிப்பது சாத்தியமா என்ற வினாவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. அவ்வாறிருந்தும், புதிய கரைப்பான் ஒன்றைப் பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் “90 சதவிகிதம் பிடிக்கிறது” என்ற எண்ணே முதலிடம் பெறுகிறது. கோபுரத்தை உயர்த்தி, கரைசலைக் கூடுதலாக ஓடவிட்டால் எந்த நல்ல அமீனும் 90 சதவிகிதம் பிடிக்கும். ஒரு டன் வாயுவை விடுவிக்க எவ்வளவு நீராவி செலவாயிற்று, எவ்வளவு திரவம் கெட்டுப்போயிற்று என்பனவற்றைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொல்வது, விளைச்சலைச் சொல்லி விதைக்கும் உரத்துக்கும் ஆன செலவை மறைப்பதற்கு ஒப்பாகும்.

நீராவிக் கணக்கை எளிதில் போட்டுப் பார்க்கலாம். மோனோ எதனாலமீன் கரைசலில் ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க ஏறத்தாழ 360 கோடி ஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது 1,000 யூனிட்டுக்குச் சமம். நிலக்கரி மின் நிலையம் ஒன்று ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட்டு உற்பத்தி செய்யும் மின்சாரமோ சுமார் 1,100 யூனிட். முதற்பார்வைக்கு எல்லாம் கரைந்துபோகும் என்று தோன்றும். அப்படியன்று, இங்கே தேவைப்படுவது டர்பைனில் பாதி வேலை செய்து முடித்த, அழுத்தம் குறைந்த நீராவி. அதனை எடுத்துவிடுவதால் இழக்கும் மின்சாரம் ஒரு டன்னுக்கு 200 யூனிட்டுக்கு மேல் இருக்கும். பிரிந்த வாயுவைக் குழாய் வழியே அனுப்புவதற்கு நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாக அமுக்கவேண்டும். அதற்கு மேலும் 100 யூனிட் அளவில் செலவாகும். 500 மெகாவாட் பிரிவு ஒன்று முழு வீச்சில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 450 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதில் 400 டன்னைப் பிடித்தால், அப்பிரிவின் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு அந்த வேலைக்கே போய்விடும். ஊருக்குக் கிடைத்துவந்த வெளிச்சத்தில் கால் பங்கு குறையும். அல்லது அந்தக் கால் பங்குக்காக வேறோரிடத்தில் மேலும் நிலக்கரி எரியும்.

இந்த வெப்பம் எங்கே செலவாகிறது? பாதிக்கும் சற்று மேற்பட்ட பங்கு அமீனுக்கும் வாயுவுக்கும் இடையே உண்டான இரசாயனப் பிணைப்பை அறுப்பதற்குப் போகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி கரைசல் முழுவதையும் சூடேற்றுகிறது. ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் கழிகிறது. ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஏறத்தாழ 20 டன் கரைசல் சுற்றிவர வேண்டியிருக்கிறது. அதில் 70 சதவிகிதம் வெறும் நீர் என்பதை நினைத்தால் வீண் செலவின் அளவு விளங்கும். மேலும், மோனோ எதனாலமீனில் வாயுவின் மூலக்கூறு ஒன்றைப் பிடிக்க அமீனின் மூலக்கூறுகள் இரண்டு வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களின் உழைப்பெல்லாம் இவ்விடத்திலேயே குவிந்திருக்கிறது. மீதைல் டை எதனாலமீன் போன்ற பொருள்கள் வாயுவைத் தளர்வாகப் பற்றுகின்றன. ஆகவே குறைந்த வெப்பத்தில் விட்டுவிடுகின்றன. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே பிடிக்கவும் செய்கின்றன. ஆனால் அவை பற்றுவதும் மெதுவாகவே. புகைபோக்கியில் புகை காத்திராது. அவற்றோடு பிபரஸீன் என்ற பொருளைச் சிறிது சேர்த்தால் வேகம் கூடுகிறது. (வயிற்றுப் பூச்சிக்குக் குழந்தைகளுக்கு ஒருகாலத்தில் பெருவழக்காகக் கொடுக்கப்பட்ட அதே பிபரஸீன்தான் இது, சுகாதாரப் பணியில் மூத்தவர்கள் பெயரைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்வர்.) டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் கேரி ராஷெல் குழுவினர் பிபரஸீனையே முதன்மைக் கரைப்பானாகக் கொண்டு நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அது 150 டிகிரி வரை தாங்குகிறது; ஆயினும் குளிர்ந்தால் குழாயிலேயே உறைந்து படியக்கூடிய குற்றம் அதற்கு உண்டு. நீரைக் குறைத்த கரைசல்கள், வாயு நிறைந்ததும் எண்ணெயும் தண்ணீரும்போல் இரண்டாகப் பிரிந்து கனமான பகுதியை மட்டும் சூடேற்றினால் போதும் என்ற வகைக் கரைசல்கள் ஆகியனவும் சோதிக்கப்படுகின்றன. சில புதிய கரைப்பான்களில் வெப்பச் செலவு டன்னுக்கு 250 கோடி ஜூல் அளவுக்கு இறங்கியிருப்பதாக அவற்றின் உரிமையாளர்கள் தெரிவிக்கின்றனர். இம்முன்னேற்றம் மெய்யானது. ஆயினும் அதனால் மட்டும் இந்தியாவின் பிரச்சினை தீர்ந்துவிடாது. அதற்குக் காரணம் புகையிலேயே இருக்கிறது.

உரத் தொழிலை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. அமீன் கரைசலாலோ சூடான பொட்டாசியம் கார்பனேட் கரைசலாலோ கரியமில வாயுவைப் பிடித்து, அதனை அம்மோனியாவுடன் சேர்த்து யூரியா செய்வது இந்திய உர ஆலைகளில் நாள்தோறும் நடக்கும் வேலை. இந்தியப் பொறியாளர்களுக்கு இது புதுமையன்று. ஆனால் உர ஆலையில் இவ்வாயு உயர்ந்த அழுத்தத்தில் வருகிறது. அதில் தூசியில்லை, கந்தகமில்லை, பிராணவாயுவுமில்லை. புகைபோக்கியிலோ எல்லாம் எதிர்மாறு. அழுத்தம் சாதாரண வளிமண்டல அழுத்தமே. நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரைதான் கரியமில வாயு. கூடவே பிராணவாயு, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பறக்கும் சாம்பல். தூய வாயுவில் பல்லாண்டு உழைக்கும் அமீன் இப்புகையில் சில மாதங்களிலேயே கறுத்துக் கெட்டியாகி, குழாய்களையும் அரிக்கத் தொடங்கிவிடும்.

கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்திலுள்ள பவுண்டரி டாம் நிலக்கரி நிலையம் இதற்குப் பெரிய சான்று. 2014 அக்டோபரில் அங்கே அமீன் முறையில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கும் நோக்கத்தோடு மூன்றாவது பிரிவில் வேலை தொடங்கியது. இரசாயனத்தில் தவறு ஏதும் இருக்கவில்லை. நுண்ணிய சாம்பல் உள்ளே புகுந்து வெப்ப மாற்றிகளில் படிந்தது. அமீன் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சிதைந்தது. திருத்த வேலைகள் பல ஆண்டுகள் நீடித்தன. குறிக்கோளாகக் கொண்ட அளவு எட்டப்படாமலே ஆண்டுகள் சென்றன. டெக்ஸாஸில் 2017-இல் தொடங்கிய பெட்ரா நோவா நிலையத்துக்கு நேர்ந்தது வேறு வகை. அங்கே பிடித்த வாயு பழைய கிணறுகளிலிருந்து எண்ணெயை வெளிக்கொணர உதவியது; 2020-இல் எண்ணெய் விலை வீழ்ந்ததும் நிலையம் நிறுத்தப்பட்டது; 2023-இல்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

கனடாவில் தொல்லை கொடுத்த சாம்பல் இந்திய நிலக்கரியில் மிகவும் அதிகம்; நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பலாகவே எஞ்சுகிறது. கந்தகம் குறைவு என்பது ஆறுதலான செய்தியே. ஆனால் அமீனுக்கு அந்த ஆறுதல் போதாது. புகையில் கந்தக டையாக்சைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படாதிருந்தால்தான் அமீன் தாக்குப்பிடிக்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. கழுவப்படாத இந்தியப் புகையில் அது பத்து லட்சத்தில் சில நூறு பங்காக இருக்கிறது. கந்தக டையாக்சைடு அமீனுடன் சேர்ந்து உண்டாக்கும் உப்பு, எவ்வளவு நீராவி விட்டாலும் பிரியாது. அத்தனை அமீனும் இழப்புக் கணக்கில் எழுதப்பட வேண்டியதே. மின் நிலையங்கள் கந்தக டையாக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று 2015 டிசம்பரில் வரம்புகள் விதிக்கப்பட்டன. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பான்மையான நிலையங்களுக்கு அவ்வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அம்முடிவு சுகாதார நோக்கில் சரியா என்பது தனி வாதம். கரியமில வாயுவைப் பிடிக்க நினைப்போர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கந்தகம் கழுவும் கோபுரம் இல்லாத நிலையத்தில் அமீன் கோபுரத்தை நேரே நிறுத்த முடியாது. முதலில் ஒன்றைக் கட்டியாகவேண்டும். அதன் செலவும் அது கேட்கும் நீரும் இந்தக் கணக்கிலேயே சேரும். வெளிநாட்டு விலைப்பட்டியலை மட்டும் பார்த்துத் தீட்டப்படும் திட்டங்களில் இது விடுபட்டுப்போகிறது.

இழக்கப்படும் அமீன் எங்கே போகிறது என்பதும் கேட்கத்தக்க வினா. ஒரு டன் வாயுவுக்கு ஒன்றரைக் கிலோகிராம் அமீன் இழப்பு என்பது மோனோ எதனாலமீனுக்கு ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ள அளவு. அக்கணக்கில், மேலே சொன்ன 500 மெகாவாட் பிரிவு நாளொன்றுக்கு 14 டன் அளவில் அமீனை இழக்கும். அதில் பெரும்பகுதி கசடாகத் தேங்கும். அதனை எரித்தோ வேறு வகையிலோ அகற்றவேண்டும். ஒரு சிறு பகுதி கோபுரத்தின் உச்சியிலிருந்து காற்றோடு போகும். நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சேர்ந்தால் சில அமீன்கள் நைட்ரோசமீன்களாக மாறுகின்றன. இவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை. 2012-இல் மாங்ஸ்டாட் என்னுமிடத்தில் பெரிய சோதனை நிலையத்தைத் திறந்த நார்வே நாடு, அதற்கு முன்பே இதனை ஆராய்ந்தது. காற்றில் இவ்வகைப் பொருள்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்கு 0.3 நானோகிராமுக்கு மேற்படலாகாது என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிலையம் 2011-இல் பரிந்துரைத்தது. நிலையத்தைச் சுற்றி வயலும் குளமும் குடியிருப்பும் நெருங்கியுள்ள இந்தியாவில் இக்கவலைக்கு இன்னும் கூடுதலான இடமுண்டு. கோபுர உச்சியில் நீரால் கழுவுவதும் கழுவிய நீரைச் சோதிப்பதும் அரிய வித்தைகள் அல்ல. தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டியவை, அவ்வளவே.

பிடித்த வாயுவின் கதி பற்றியும் ஒரு தெளிவு வேண்டும்; வகுப்பறையிலும் கிராமக் கூட்டங்களிலும் அடிக்கடி குழப்பம் நேர்வது இவ்விடத்தில்தான். களப் பணியாளர் உழவருக்குக் கொடுக்கும் 45 கிலோகிராம் யூரியா மூட்டை ஒன்றைச் செய்வதில் 33 கிலோகிராம் கரியமில வாயு சேர்ந்திருக்கிறது. மூட்டைக்குள் அது அடங்கித்தான் இருக்கிறது. வயலில் இட்டதும், மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைக்கிறது. சில நாள்களில் அந்தக் கரியமில வாயு பெரும்பாலும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. 2016-இல் தூத்துக்குடியிலுள்ள இரசாயன ஆலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா ஆஷ் செய்யும் அமைப்பு வேலை தொடங்கியது. அதன் கரைப்பானை உருவாக்கியவர்கள் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளம் பொறியாளர்கள். அரசின் மானியம் இன்றியே அது அமைக்கப்பட்டது. ஆலைக்கு எப்படியும் விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்த வாயு தன் கொதிகலனிலிருந்தே கிடைத்தது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். உலகப் பத்திரிகைகள் இதனைப் பாராட்டியது நியாயமே. ஆயினும் அந்தச் சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குச் சென்றால், மணலோடு உருகும்போது அதிலிருந்த வாயு மீண்டும் வெளியேறிவிடும். அளவையும் ஒப்பிட வேண்டும்: 60,000 டன் என்பது 500 மெகாவாட் பிரிவு ஒன்று 6 நாள்களில் வெளியிடுவது.

வாயு உண்மையில் நீங்கவேண்டுமானால் அதனை நிலத்துக்கு அடியில் செலுத்தியாகவேண்டும். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் இயற்கை வாயுவிலிருந்து அமீனால் பிரித்த கரியமில வாயு, 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் என்ற அளவில் கடலடி மணற்பாறையில் செலுத்தப்பட்டு வந்திருக்கிறது. இந்தியாவில் பழைய எண்ணெய் வயல்களும் தக்காணத்து எரிமலைப் பாறை அடுக்குகளும் இந்நோக்கில் ஆராயப்படுகின்றன. யூரியாவும் சோடாவும் மெத்தனாலும் பயனுள்ள பொருள்களே. ஆனால் அவற்றைச் செய்வதைக் கரியமில வாயுவை ஒழிப்பதாகச் சொல்வது மாணவர்களுக்குத் தவறான கணக்கைக் கற்பிப்பதாகும்.

உள்நாட்டு முயற்சிகள் இல்லாமலில்லை. ஜாம்ஷெட்பூரின் டாடா எஃகு ஆலையில் 2021-இல் ஊதுலை வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் அமைப்பு தொடங்கப்பட்டது. தேசிய அனல் மின் கழகம் விந்தியாசலில் 2022-இல் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்திலும் இத்துறைக்கென உயர்தர மையங்களை விஞ்ஞான தொழில்நுட்பத் துறை அமைத்திருக்கிறது. 500 மெகாவாட் பிரிவொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 டன் வெளியிடுகையில் 20 டன் சிறிதே என்று எள்ளுவது பொருந்தாது. சோதனை நிலையத்தின் பயன் அது பிடிக்கும் டன்னில் இல்லை. அங்கே எழுதப்படும் குறிப்பில் இருக்கிறது. உண்மையான இந்தியப் புகையில், மழைக்காலத்து ஈரக்கரியிலும் கோடைகாலத்துச் சூட்டுநீரிலும், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியபின் கரைசல் எந்நிலையில் இருக்கிறது என்பதை வேறெந்த நாட்டு ஆய்வுக்கூடமும் இந்தியாவுக்குச் சொல்லித்தர இயலாது.

ஆனால் இந்தக் குறிப்புகள் பொதுவில் கிடைப்பது அரிது. கரைப்பானின் சேர்மானம் வணிக இரகசியமாக இருக்கலாம். அதனை மறைத்துவைக்க உரிமையாளருக்கு உரிமையுண்டு. நீராவிச் செலவும், மாதந்தோறும் புதிதாக ஊற்றப்பட்ட கரைப்பானின் அளவும், உள்ளே வந்த புகையின் தூசியும் கந்தகமும், கழுவிய நீரில் கண்ட நைட்ரோசமீனும் அப்படிப்பட்ட இரகசியங்கள் அல்ல. பொதுப்பணத்தால் நடக்கும் சோதனை ஒவ்வொன்றிலும் இவ்வெண்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் வெளியிடவேண்டும் என்பதை மானியத்தின் நிபந்தனையாகவே வைக்கலாம். ஓட்டம் நின்ற நாள்களையும் நின்ற காரணத்தையும் அதில் சேர்த்தெழுத வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய மோனோ எதனாலமீன் கரைசலையும் உள்நாட்டில் ஆக்கிய புதிய கரைசலையும் ஒரே புகைபோக்கியின் அடியில், ஒரே பருவத்தில், குறைந்தது ஓர் ஆண்டேனும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு விந்தியாசல் போன்ற ஓரிடத்தில் செய்யப்படுமானால், பெரிய நிலையங்களுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்குமுன் எந்தத் திரவத்தை நம்பலாம் என்பதற்கு அந்த ஓராண்டுப் பேரேடே விடை தந்துவிடும்.